சூரியக் காற்றும் அதன் வழியில் நிற்கும் உலகங்களும்



வால்மீனின் வால் எத்திசையில் நீண்டிருக்கும் என்று கேட்டால், அது செல்லும் திசைக்குப் பின்புறமாக என்றே பலரும் விடை கூறுவர். ஓடும் குதிரையின் வால் பின்னால் பறப்பதைக் கண்டு பழகிய நமக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால் உண்மை அதுவன்று. வால்மீன் சூரியனை நோக்கி வரும்போது வால் பின்னால் இருக்கும். சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிச் செல்லும்போதோ வால் முன்னால் செல்லும். தலை அதனைத் தொடரும். எப்பொழுதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே வால் நீள்கிறது. ஜெர்மனி நாட்டு அறிஞர் பீட்டர் ஏப்பியன் 1531-ஆம் ஆண்டில் தோன்றிய வால்மீனைக் கண்டு இதனைக் குறித்து வைத்தார். சூரியனிடமிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டு அவ்வாலைத் தள்ளுகிறது என்று எண்ண இடமுண்டாயிற்று. அது யாது என்று தெளிய, மேலும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அதனைப் பற்றியும், அது கோள்களையும் துணைக்கோள்களையும் வால்மீன்களையும் சிறுகோள்களையும் எவ்வாறு தாக்குகிறது என்பதைப் பற்றியும் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பிளாஸ்மா என்னும் சொல்லைத் தெரிந்துகொள்வோம். திண்மம், நீர்மம், வளிமம் எனப் பொருளுக்கு மூன்று நிலைகள் உண்டு என்று படித்திருக்கிறீர்கள். பனிக்கட்டியைச் சூடேற்றினால் நீர். நீரைச் சூடேற்றினால் நீராவி. அந்த ஆவியை மேலும் பல்லாயிரம் பாகைக்குச் சூடேற்றினால் என்னவாகும்? மூலக்கூறுகள் உடைந்து அணுக்களாகும். பின்னர் அணுக்களினின்று எலெக்ட்ரான்கள் பிரியும். எதிர் மின்னேற்றமுடைய எலெக்ட்ரான்களும், அவற்றை இழந்து நேர் மின்னேற்றம் பெற்ற அயனிகளும் கலந்து திரியும் நிலையே பிளாஸ்மா. 1928-இல் அமெரிக்க அறிஞர் இர்விங் லாங்மியூர் இப்பெயரைச் சூட்டினார். மின்னல் பாயும் பாதை, குழல் விளக்கினுள் ஒளிரும் வாயு, சூரியன், விண்மீன்கள் ஆகிய யாவும் பிளாஸ்மாவே.

பிளாஸ்மாவுக்கு ஒரு சிறப்பியல்பு உண்டு. மின்னேற்றமுடைய துகள் ஒன்று காந்தக் கோட்டைக் குறுக்கே கடக்க முயன்றால், அது வளைக்கப்பட்டு அக்கோட்டையே வட்டமிடும். கோட்டின் வழியே செல்வதற்கோ தடையில்லை. நூலில் கோத்த மணிகளை எண்ணிப் பாருங்கள். மணி நூலின் வழியே ஓடும்; நூலை விட்டு நீங்காது. நூலை இழுத்தால் மணிகளும் வரும். மணிகளை இழுத்தால் நூலும் வளையும். பிளாஸ்மாவும் காந்தப் புலமும் இங்ஙனம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டே செல்கின்றன. இவ்வுண்மையை விளக்கியவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஹான்ஸ் ஆல்வென். 1970-இல் நோபல் பரிசு பெற்றவர். இந்த மணியும் நூலும் உங்கள் நினைவில் இருந்தால் போதும். இனி நான் கூறப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

வால்மீனுக்கு வருவோம். கூர்ந்து நோக்கினால் அதற்கு இரண்டு வால்கள் இருப்பது தெரியும். ஒன்று சற்றே வளைந்த தூசி வால். அதனைச் சூரிய ஒளியின் அழுத்தமே தள்ளுகிறது. மற்றொன்று நீலநிறமான, நேரான வாயு வால்; அது அயனிகளால் ஆனது. அவ்வாலில் தோன்றும் முடிச்சுகள் வியக்கத்தக்க விரைவில் சூரியனைவிட்டு விலகி ஓடுகின்றன. ஒளியின் அழுத்தம் மட்டும் அவ்வளவு விரைவைத் தர இயலாது. ஆகவே சூரியனிடமிருந்து மின்னேற்றமுடைய துகள்கள் எந்நேரமும் எல்லாத் திசைகளிலும் வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று லுத்விக் பியர்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1951-இல் எடுத்துரைத்தார். விண்கலம் ஒன்றும் இல்லாத காலம் அது. வால்மீனையே காற்றுத்திசை காட்டும் கொடியாகக் கொண்டு அவர் இதனை அறிந்தார்.

அத்தகைய காற்று ஏன் வீச வேண்டும்? 1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜீன் பார்க்கர் விடை கண்டார். சூரியனின் புறமண்டலம் பத்து இலட்சம் பாகைக்கு மேல் வெம்மையுடையது. அவ்வளவு வெம்மையான பிளாஸ்மாவைச் சூரியனின் ஈர்ப்பு விசையாலும் முற்றும் பிடித்து வைக்க இயலாது. அது ஒலியை மிஞ்சிய வேகத்தில் வெளியே பாய்ந்தே தீரும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அக்கட்டுரையை மதிப்பிட்ட அறிஞர் இருவர் அது வெளியிடத் தக்கதன்று என்றனர். அவ்விதழின் ஆசிரியராக இருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்து உவப்பாக இல்லை. எனினும் கணக்கில் பிழையேதும் இல்லை என்று கண்டு, கட்டுரையை வெளியிட்டார். தமக்குப் பிடித்தது எது, சரியானது எது என்று பிரித்தறியும் இப்பண்பை நீங்கள் போற்றிக் கொள்ளல் வேண்டும். 1959-இல் சோவியத் நாட்டு லூனா கலங்கள் இக்காற்றின் அறிகுறிகளைக் கண்டன. 1962-இல் வெள்ளியை நோக்கிச் சென்ற அமெரிக்க மாரினர் 2 என்னும் கலம், வழியெல்லாம் அது இடைவிடாது வீசுவதை அளந்து காட்டிற்று. 2018-இல் சூரியனை நோக்கி ஏவப்பட்ட கலத்துக்குப் பார்க்கரின் பெயரையே இட்டனர். அது புறப்படுவதைத் தம் கண்களாலேயே கண்டார் அவர்.

நான் ஆசிரியனாக இருந்தபோது மாணவன் ஒருவன், "ஐயா, வெற்றிடத்தில் எப்படிக் காற்று வீசும்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சூரியக் காற்று நம் பூமியின் அருகே வரும்போது விநாடிக்குச் சராசரியாக 400 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. சூரியனிலிருந்து இங்கு வந்து சேர ஏறத்தாழ நான்கு நாட்கள் ஆகின்றன. ஆனால் ஒரு கன சென்டிமீட்டரில் ஐந்து முதல் பத்துத் துகள்களே இருக்கும். ஒரு காகிதத்தைக்கூட அதனால் அசைக்க முடியாது. அவ்வாறாயின் ஓர் உலகத்தை அது என்ன செய்துவிடும்? இரண்டு காரணங்களால் அதற்கு வலிமை உண்டாகிறது. ஒன்று, அது மின்னேற்றமும் காந்தப் புலமும் சுமந்து வருகிறது. மற்றொன்று, அது நானூற்றைம்பது கோடி ஆண்டுகளாக ஓயாமல் வீசுகிறது. எறும்பூரக் கல்லும் தேயும் அன்றோ?

இக்காற்று எல்லா உலகங்களின்மீதும் ஒன்றாகவே வீசுகிறது. எனினும் விளைவு ஒன்றாக இல்லை. ஒவ்வோர் உலகமும் தன்னிடம் உள்ளதற்கு ஏற்பவே அதற்கு விடையளிக்கிறது. அவ்விடையைப் படிக்கக் கற்றால், அவ்வுலகத்தின் இயல்பும் வரலாறும் நமக்குப் புலனாகும். இதுவே இன்று நான் கூற வந்ததன் சாரம்.

முதலில், காற்று மண்டலமோ பரந்த காந்தப் புலமோ இல்லாத சந்திரனையும் சிறுகோள்களையும் காண்போம். இவற்றின் தரையில் சூரியக் காற்று நேரே மோதுகிறது. 1969-இல் சந்திரனில் இறங்கிய அப்போலோ 11 வீரர்கள் ஓர் அலுமினியத் தகட்டைக் கம்பத்தில் தொங்கவிட்டு, 77 நிமிடங்கள் சூரியனுக்கு எதிரே வைத்திருந்தனர். பின்னர் அதனைச் சுருட்டி எடுத்து வந்தனர். சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர்கள் அத்தகட்டினுள் சூரியனிலிருந்து வந்து புதைந்த ஹீலியம் முதலிய வாயுக்களைக் கண்டனர். 2008-இல் நம் நாடு அனுப்பிய சந்திரயான் 1 வேறொன்றைக் கண்டது. வந்து மோதும் புரோட்டான்கள் யாவும் மண்ணில் புதைந்துவிடுவதில்லை. ஐந்தில் ஒரு பங்கு வரை எலெக்ட்ரானைப் பெற்று, ஹைட்ரஜன் அணுக்களாகித் திரும்பித் தெறிக்கின்றன. அக்கலத்திலிருந்த மற்றொரு கருவி, சந்திர மண்ணின் மேற்பரப்பில் நீரும், ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் இணைந்த ஹைட்ராக்சிலும் இருப்பதற்கு அடையாளம் கண்டது; 2009-இல் அது வெளியாயிற்று. பாறையிலுள்ள ஆக்ஸிஜனோடு சூரியக் காற்றின் புரோட்டான்கள் கூடுவதால் இவை உண்டாகலாம் என்பர். வறண்ட நிலத்துக்கு நீரின் ஒரு கூறினைச் சூரியனே கொணர்ந்து தருகிறது!

சிறுகோள்களின் கதையும் சுவையானது. பூமியில் மிகுதியாக விழும் விண்கற்களின் நிறம், சிறுகோள்களின் நிறத்தோடு பொருந்தவில்லை. அவ்வாறாயின் அக்கற்கள் எங்கிருந்து வருகின்றன என்று அறிஞர் நெடுநாள் மயங்கினர். ஜப்பானிய விண்கலம் ஹயபுசா, அரை கிலோமீட்டர் அளவேயுள்ள இடோகாவா என்னும் சிறுகோளிலிருந்து 2010-இல் மண் துகள்களைக் கொண்டு வந்தது. அத்துகள்களின் மேல், தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கேயுள்ள மெல்லிய தோல் ஒன்று காணப்பட்டது. சூரியக் காற்று மோதி மோதி உண்டான தோல் அது. அதில் நுண்ணிய இரும்புத் துகள்கள் இருந்தன. நிறத்தை மாற்றியவை அவையே. தோலின் உள்ளே இருந்த கல்லோ நம்மிடம் விழும் விண்கற்களின் இனமே. வெயிலில் நின்று கறுத்த முகத்தைக் கண்டு, ஆள் வேறென்று மயங்கியது போலாயிற்று இது.

அடுத்து, காற்று மண்டலம் உண்டு, பரந்த காந்தப் புலம் இல்லை என்னும் நிலையிலுள்ள வெள்ளியையும் செவ்வாயையும் காண்போம். சூரியனின் புற ஊதா ஒளி இவற்றின் மேற்காற்றை அயனிகளாக்குகிறது. ஆகவே அவ்வடுக்கு மின்சாரத்தைக் கடத்தும். சூரியக் காற்று காந்தப் புலத்தைச் சுமந்துகொண்டு அதன்மீது வந்து மோதுகிறது. மின்கடத்தி ஒன்றின் அருகே காந்தம் நகர்ந்தால் மின்னோட்டம் தூண்டப்படும் என்ற பாரடேயின் விதியை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்திருப்பீர்கள். அதுவே இங்கும் நிகழ்கிறது. தூண்டப்பட்ட மின்னோட்டங்கள் வரும் காந்தப் புலத்தை எதிர்த்து நிற்கின்றன. காந்தக் கோடுகள் கோளின்மேல் போர்வைபோல் மடிந்து, பின்புறம் நீண்டு வாலாகின்றன. தனக்கென்று காந்தமில்லாத கோள், பகைவனின் காந்தத்தையே கேடயமாக்கிக் கொள்கிறது.

வால்மீனும் இவ்வகையைச் சேர்ந்ததே. சில கிலோமீட்டர் அளவேயுள்ள அதன் கரு சூரியனை அணுகும்போது, பனி ஆவியாகிப் பல்லாயிரம் கிலோமீட்டர் பரவுகிறது. அந்த ஆவி அயனிகளாகிச் சூரியக் காற்றில் கலக்கிறது. வெறும் வண்டி விரைந்து ஓடும். வழியெல்லாம் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டே போனால் அதன் நடை தளரும். அவ்வாறே வால்மீனின் கனத்த அயனிகளை ஏற்ற காற்று நடுவே தளர்கிறது. இருபுறமும் ஏற்றமில்லாத காற்று விரைந்தோடுகிறது. நடுவில் தங்கி இருபுறமும் இழுபட்ட காந்தக் கோடுகள் கொண்டையூசி போல் வளைகின்றன. அந்த வளைவே நேரான வாயு வால். இதனை ஆல்வென் 1957-இல் கூறினார். 1985 செப்டம்பரில் ஜியாகோபினி-சின்னர் என்னும் வால்மீனின் வாலை ஊடுருவிச் சென்ற விண்கலம் அதனை மெய்ப்பித்தது. 2007 ஏப்ரலில் என்கே என்னும் வால்மீனின் வாலைச் சூரியனிலிருந்து எழுந்த பெரும் பிளாஸ்மாக் குமுறல் ஒன்று அறுத்தெறிந்ததையும் விண்கலம் படமெடுத்தது. சிறிது நேரத்தில் புதிய வால் முளைத்தது.

மூன்றாவது வகை, தன்னகத்தே காந்தமுடைய உலகங்கள். நம் பூமி அவற்றுள் ஒன்று. பூமியின் வெளிக்கருவில் உருகிய இரும்பு சுழல்வதால் காந்தப் புலம் உண்டாகிறது. அது சூரியனை நோக்கிய பக்கத்தில் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர் தொலைவிலேயே காற்றைத் தடுத்து, இருபுறமும் விலகச் செய்கிறது. எதிர்ப்பக்கத்தில் சந்திரனின் பாதைக்கும் அப்பால் நீண்ட வாலாகிறது. இக்கேடயம் முற்றும் அடைபட்டதன்று. சூரியக் காற்றின் காந்தத் திசை தெற்கு நோக்கி அமையும்போது, அதன் கோடுகள் பூமியின் கோடுகளோடு இணைந்து கதவு திறந்தாற்போலாகிறது. அப்போது உள்ளே புகும் ஆற்றலால் துருவப் பகுதிகளில் வண்ண ஒளி ஆடுகிறது.

அவ்வாற்றல் மிகுந்தால் துன்பமும் உண்டு. 1859 செப்டம்பரில் வீசிய பெரும் காந்தப் புயல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளைத் தாறுமாறாக்கிற்று. பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தக் கருவியும் அதனைப் பதிந்து வைத்தது. 1989 மார்ச் 13-ஆம் நாள் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின்வழங்கல் ஒன்றரை நிமிடத்தில் சரிந்து, அறுபது இலட்சம் மக்கள் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தனர். இத்தகைய காற்றை முன்னதாகவே அளந்தறியும் பொருட்டு, நம் நாட்டின் ஆதித்யா எல்1 என்னும் கலம் 2023 செப்டம்பரில் ஏவப்பட்டு, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் 2024 ஜனவரியில் நிலைகொண்டது.

பெருங்கோள்களைச் சுற்றும் துணைக்கோள்களுக்குச் சூரியக் காற்றைவிடத் தலைவனின் பிளாஸ்மாவே பெரிது. வியாழனின் துணைக்கோளாகிய ஐயோவில் எரிமலைகள் ஓயாது கக்குகின்றன. 1979-இல் வாயேஜர் 1 அவற்றைக் கண்டது. அவ்வெரிமலைகளின் விளைவாக விநாடிக்கு ஏறத்தாழ ஆயிரம் கிலோகிராம் கந்தகமும் ஆக்ஸிஜனும் ஐயோவைவிட்டு நீங்கிப் பிளாஸ்மாவாகின்றன. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு முறை சுழல்வது. அதன் காந்தப் புலம் இப்பிளாஸ்மாவையும் உடன் சுழற்றுகிறது. ஐயோ ஒரு சுற்று வர 42 மணிக்கு மேலாகும். ஆகவே பிளாஸ்மா பின்னாலிருந்து வந்து ஐயோவின்மேல் மோதி முந்திச் செல்கிறது. அதனால் எழும் மின்னோட்டம் காந்தக் கோடுகளின் வழியே ஓடி வியாழனை அடைந்து, அங்கே ஒளிப்புள்ளி ஒன்றை உண்டாக்குகிறது. ஐயோ நகர நகர அந்தப் புள்ளியும் நகர்கிறது.

சனியின் துணைக்கோளாகிய என்செலடஸ் 500 கிலோமீட்டர் விட்டமே உடையது. அவ்வளவு சிறிய பனியுருண்டையில் புதுமை ஏதும் இராது என்றே தோன்றும். 2005-இன் தொடக்கத்தில் காசினி என்னும் கலம் அதனருகே இரு முறை சென்றபோது, சனியின் காந்தக் கோடுகள் அதனைச் சுற்றிச் சற்றே வளைந்திருப்பதைக் காந்தமானி காட்டிற்று. கோடு வளைய வேண்டுமானால் எதிரே ஏதோ வாயு இருத்தல் வேண்டும். இவ்வொரு குறிப்பைக் கொண்டு, அடுத்த முறை இன்னும் நெருங்கிச் செல்ல வேண்டுமென்று கருவிக் குழுவினர் கேட்டனர். அவ்வாண்டு ஜூலையில் 200 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் கலம் சென்றது. தென்துருவத்திலிருந்து நீராவி பீறிட்டு எழுவது உறுதியாயிற்று. அப்பனியின் அடியில் கடல் இருக்கிறது என்று இன்று அறிகிறோம். ஒரு நூல் வளைந்திருப்பதைக் கண்டு ஒரு கடலைக் கண்டுபிடித்தார்கள்!

மாணவர்களே, இனி நம்மைப் பெரிதும் பற்றிய கேள்விக்கு வருகிறேன். செவ்வாயில் ஆறுகள் ஓடிய தடங்கள் உள்ளன. ஆறு ஓட வேண்டுமானால் அடர்ந்த காற்று இருந்திருத்தல் வேண்டும். இன்றோ அங்குள்ள காற்றழுத்தம் நம்முடையதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அக்காற்று எங்கே போயிற்று? 2014-இல் செவ்வாயை அடைந்த மேவன் என்னும் கலம் இதனை அளந்தது. சூரியக் காற்று விநாடிக்கு ஏறத்தாழ 100 கிராம் வீதம் செவ்வாயின் காற்றைப் பறித்துச் செல்கிறது. நீங்களே பெருக்கிப் பாருங்கள்: நாளொன்றுக்கு எட்டரை டன்னுக்கும் மேல். சூரியன் குமுறும் நாட்களில் இவ்விழப்பு மிகுகிறது. இளமையில் சூரியன் இன்னும் கடுமையாக இருந்தது. ஆர்கான் எதனோடும் எளிதில் கூடாத வாயு. ஆதலால் பாறையில் புகுந்து மறைந்தது என்று சொல்ல வழியில்லை. அதன் கனத்த வகையும் இலேசான வகையும் எவ்விகிதத்தில் எஞ்சியுள்ளன என்று அளந்து, செவ்வாய் தன் ஆர்கானில் நூற்றுக்கு 65 பங்கை விண்வெளியில் இழந்துவிட்டது என்று 2017-இல் அறிவித்தனர். பழைய பாறைகளில் உறைந்துள்ள காந்தத் தடங்கள், செவ்வாய்க்கும் ஒரு காலத்தில் காந்தக் கேடயம் இருந்தது என்று சான்று பகர்கின்றன.

ஆகவே, "பூமிக்குக் காந்தம் உண்டு, காற்று நிலைத்தது, செவ்வாய்க்குக் காந்தம் போயிற்று, காற்றும் போயிற்று" என்று நூல்கள் சில எழுதுகின்றன. இவ்விடைக்கு நான் பாதி மதிப்பெண்ணே தருவேன். வெள்ளியை மறக்கலாமா? அதற்குக் காந்தம் இல்லை. ஆயினும் நம்மைப் போல் 90 மடங்கு அழுத்தமுள்ள காற்று அங்கே இருக்கிறது. மறுபுறம், காந்தமுடைய பூமியின் துருவங்களின் வழியே ஆக்ஸிஜன் சிறிது சிறிதாக விண்வெளிக்குக் கசிந்துகொண்டுதான் இருக்கிறது. வெள்ளி இழப்பதை வீனஸ் எக்ஸ்பிரஸ் என்னும் கலம் அளந்தபோது, ஹைட்ரஜன் இரண்டுக்கு ஆக்ஸிஜன் ஒன்று என்னும் விகிதம் காணப்பட்டது. அது நீரின் விகிதம் அன்றோ? வெள்ளி தன் காற்றைக் காத்துக்கொண்டது. எஞ்சிய நீரையோ இன்றும் இழந்து வருகிறது. ஒரு கோளின் நிறை, அதன் ஈர்ப்பு, சூரியனிலிருந்து அது நிற்கும் தொலைவு, இழந்ததை ஈடுசெய்யும் எரிமலைகள், காந்தம் ஆகிய யாவும் சேர்ந்தே அதன் கதியை முடிவு செய்கின்றன. செவ்வாயின் நிறை பூமியின் நிறையில் பத்தில் ஒரு பங்கு. இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்னும் கணக்கை அறிஞர்கள் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்களுள் சிலர் அக்கணக்கில் கை வைக்கலாம்.

அதற்கு முன்னாயத்தமாக ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை ஒரு வால்மீன் கண்ணுக்குத் தெரியும்போது, கதிரவன் மறைந்த திசையைக் குறித்துக்கொண்டு, வால் எப்பக்கம் நீள்கிறது என்று நாள்தோறும் ஏட்டில் வரைந்து வாருங்கள். ஒரு பென்சிலும் பொறுமையும் போதும். சூரியனிடமிருந்து வீசும் காற்று உங்கள் கண்ணெதிரே எழுதும் கோடு அது.